வெஸ்கோட்டின் கடைசிப் பொத்தான்

என் கல்யாணம் நடந்ததே ஒரு வெஸ்கோட்டால்தான் என்று என் அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அது நின்றுபோகப் பார்த்ததும் அதே வெஸ்கோட்டால்தான் என்பதை மட்டும் விட்டுவிடுவாள். அன்றைக்குக் கிள்ளானில் அந்தக் கூடத்தில் வியர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரயில்வே ஆபீசில் டைப் அடிக்கிற கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் குமாஸ்தா; மலாயாவில் அப்படித்தான் சொல்லுவோம். முப்பதுகளின் தொடக்கம் அது. அதுவரை எங்களைப் போன்ற கிராணிகளுக்கு உடை விஷயத்தில் ஒரு கவலையும் இருந்ததில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு ஒன்று உண்டு. அதை மாட்டிக்கொண்டால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் பனியன் இருக்கும். சிலருக்கு அதுவும் இராது.

பிறகு கழுத்து திறந்த கோட்டு வந்தது. கழுத்து திறந்ததும் உள்ளே சட்டை வேண்டியிருந்தது. சட்டை வந்ததும் டை வேண்டியிருந்தது. டை வந்த பிறகு, அது காற்றில் பறந்து டைப் மிஷினுக்குள் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சட்டைக்கு மேலே கோட்டுக்கு உள்ளே கையில்லாத குட்டைக் கோட்டு ஒன்றும் வேண்டும் என்று சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். அதுதான் வெஸ்கோட்டு. எங்கள் ஆபீசில் அதைப் போட்டவர் ஒரே ஒருவர், பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவராக இருப்பார். நடுப்பகலில் தார் ரோடு இளகும் சமயத்திலும் வெஸ்கோட்டும் அதற்கு மேலே கோட்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அவர் நெற்றியில் ஒரு துளி வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்று, எந்தக் காகிதத்தில் விழுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும். நாங்கள் வேலையை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

என் அக்கா ரவாங்கில் இருந்தாள். மச்சானுக்கு அங்கே ரயில்பாதை வேலை. எங்கள் அப்பா அம்மா இருவரும் போய்விட்டதால் எனக்குப் பெண் தேடும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வந்து நின்றாள்.

"கிள்ளான்ல ஒரு எடம் வந்திருக்கு. பொண்ணோட அப்பா ஓவர்சியரு. ரோடு, பாலமெல்லாம் போடுறவரு. மொதல்ல படம் கேக்குறாங்க. நாளைக்கே போயி ஒரு படம் எடுத்துட்டு வா. சிரிச்சிக்கிட்டு நிக்காதே. நீ சிரிச்சா பல்லு மட்டுந்தான் தெரியும்."

பத்து ரோடு என்ற தெருவில் ஒரு சீனருடைய படக்கடை இருந்தது. போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த ஒரு கறுப்புக் கோட்டையும் ஒரு வெஸ்கோட்டையும் எடுத்தார். வெஸ்கோட்டை என் மார்பில் வைத்து அழுத்திவிட்டுப் பின்னால் போய் ஏதோ கட்டினார். தொட்டுப் பார்த்தேன். பின்பக்கமே இல்லை! முன்பக்கம் மட்டும் ஒரு பலகை மாதிரி. முதுகில் இரண்டு ஜோடி நாடா. குண்டர், ஒல்லியர் எல்லோருக்கும் ஒன்றே பொருந்த வேண்டும் என்று அவர் செய்துவைத்திருந்த ஏற்பாடு அது. அதன் மேல் கறுப்புக் கோட்டு ஏறியதும் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே என்னிடம் மரியாதை வந்தது.

ஒரு மேஜைக்குப் பின்னால் என்னை நிறுத்தினார். மேஜைமேல் என் வயிற்றுக்கு நேராக ஒரு காகிதப் பூச்சாடி. நான் என் முதுகுப்பக்கத்து நாடா அவிழ்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். "ஜாஙான் பூசிங்!" என்று மலாயில் கத்தினார். திரும்பாதே என்று அர்த்தம். திரும்பவில்லை. படம் விழுந்தது.

படத்தை அக்கா கிள்ளானுக்கு அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது. அக்கா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ரவாங்கிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். ஓவர்சியர் கையெழுத்து தார் ரோடு மாதிரி நேராக இருந்தது. 'பையனின் படம் கண்டோம். உடை ஒழுங்காக இருக்கிறது. வெஸ்கோட்டுப் போடுகிறவன் நிதானமானவனாக இருப்பான் என்பது என் அபிப்பிராயம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு பெண் பார்க்க வரவும். பையன் படத்தில் உள்ளபடியே வரவும்.'

"படத்துல உள்ளபடியேன்னா?" என்று கேட்டேன்.

"அந்த வெஸ்கோட்டப் போட்டுக்கிட்டு வான்னு அர்த்தம். எங்க அது? எடு பாப்போம்."

"அது படக்கடைக்காரரோடது அக்கா. அதுக்கு முதுகு கெடையாது."

அக்கா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "முதுகோட ஒண்ணு தச்சுக்க" என்றாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை வரிசையின் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடுகிற கூரைபோட்ட நடைபாதையில், ஒரு தையல்காரர் மிஷின் போட்டிருந்தார். நாகூர்ப் பக்கத்து ஆள். எங்கள் வெள்ளைக் கோட்டுகளெல்லாம் அவர் கையால் தைத்தவைதான். படத்தைக் காட்டினேன். தூக்கிப் பிடித்து, தள்ளிப் பிடித்து, கண்ணருகில் பிடித்துப் பார்த்தார்.

"முன்னாடி சரி. பின்னாடி எப்புடி இருக்கும் தம்பி?"

"இதுல பின்னாடி ஒண்ணுமில்ல பாய். நாடாதான்."

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "முதுகு இல்லாத உடுப்ப நான் தைக்கமாட்டேன். நாளைக்கு எவனாவது பாத்துட்டு யார்ரா தச்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? முதுகுள்ள ஒண்ண எங்கயாவது பாத்துட்டு வந்து சொல்லுங்க. கீழ்ப்பக்கமும் பூச்சாடி மறைக்குது. அதையும் பாத்துட்டு வாங்க."

அடுத்த இரண்டு நாள் ஆபீசில் நான் பெரிய கிராணியின் முதுகைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவர் கோட்டைக் கழற்றுவதே இல்லை. ஃபைல் எடுக்கிற சாக்கில் பின்னால் போய் நின்றேன். குனிந்து பார்த்தேன். மூன்றாம் நாள் அவரே நாற்காலியைத் திருப்பினார்.

"என்ன தம்பி, என்ர முதுகிலை என்ன தேடுறீர்?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆபீசில் அத்தனை வருஷம் அவர் வெஸ்கோட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனேன். அவர் வீட்டிலும் வெஸ்கோட்டோடுதான் இருந்தார். எனக்காகக் கோட்டைக் கழற்றி, மெதுவாகத் திரும்பி நின்றார். முன்பக்கம் கனத்த துணி; பின்பக்கம் வழவழவென்று மெல்லிய துணி. நடுவில் ஒரு சின்ன வார், ஒரு பக்கிள். சாப்பாட்டுக்கு முன்னால் இறுக்கிக்கொள்ளலாம், பின்னால் தளர்த்திக்கொள்ளலாம் என்றார். நான் ஒரு தாளில் வரைந்துகொண்டேன்.

"முக்கியமான விஷயம் இனித்தான் இருக்கு" என்றார். "அஞ்சு பொத்தான் இருக்கும். நாலைத்தான் போட வேணும். கடைசிப் பொத்தானை ஒருநாளும் போடக் கூடாது."

"ஏன்?"

"துரைமார் போடுறேல்லை."

"அவங்க ஏன் போடுறதில்ல?"

"அதை நாங்கள் கேக்கக் கூடாது. போட்டால், பாக்கிறவனுக்கு உடனே விளங்கிப் போகும், இவன் நேற்றுத்தான் வெஸ்கோட்டுப் போடத் துவங்கினவன் எண்டு."

அப்போது அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

"தம்பி, வெளிப்பக்கத்தைப் பாத்திட்டீங்கள். உள்ளுக்கை இருக்கிற முதுகை நீங்கள் பாக்க வேணும். முழுக்க வேர்க்குரு. ஒவ்வொரு நாளும் பின்னேரம் நான்தான் சந்தனம் அரைச்சுப் பூசுறன். ஒபீசிலை துரை மாதிரி. வீட்டுக்கு வந்தால் குழந்தைப்பிள்ளை மாதிரி ஊது ஊது எண்டு அழுகை."

"நீ உள்ளுக்குப் போ" என்றார் பெரிய கிராணி.

"நான் போறன். தம்பி, நீங்கள் நல்லா யோசிச்சுத் தையுங்கோ."

யோசிக்க எனக்கு அவகாசம் எங்கே? வரைந்த தாளைத் தையல்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அஞ்சு பொத்தான் வேண்டும், ஆனால் கடைசியைப் போடுவதில்லை என்பதையும் சொன்னேன். "எப்பவுமே போடமாட்டீங்களா?" என்று கேட்டார். எப்பவுமே என்றேன். "அப்ப சரி" என்று தலையாட்டினார். துணிக்கு அவரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. லீவில் சீமைக்குப் போன ஒரு துரைக்குக் குளிர்கோட்டுத் தைத்ததில் மிஞ்சிய கம்பளி. "நாள்பட வரும் தம்பி" என்றார். நாள்பட வந்ததுதான். அதைப் போட்டுக்கொண்ட அந்த ஒரே நாளே எனக்கு ஒரு வருஷம் போல இருந்தது.

முதல் ஞாயிறு வந்தது. அக்காவும் மச்சானும் காலையிலேயே வந்துவிட்டார்கள். மச்சான் அதிகம் பேசாத மனிதர். பெண் பார்க்கப் போகிற வீட்டில் என்ன பலகாரம் செய்வார்கள் என்பது மட்டுமே அவருடைய கவலை. பத்து மணி ரயிலில் ஏறினோம். சட்டை, டை, கம்பளி வெஸ்கோட்டு, மேலே கோட்டு. ரயில் நிற்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காற்றும் நின்றது. நான் ஜன்னலோரம் உட்காரப் பார்த்தேன். கரி பறந்துவந்து விழும் என்று அக்கா உள்பக்கமாக இழுத்து உட்கார வைத்தாள். கோட்டைக் கழற்றுகிறேன் என்றேன். "கசங்கிப் போகும்" என்றாள். பாதி வழியில் என் மார்பில் சின்னச் சின்ன ஊசிகள் குத்துவதுபோல் இருந்தது. பெரிய கிராணியின் மனைவியை நினைத்துக்கொண்டேன்.

கிள்ளானில் ஓவர்சியருடைய வீடு அரசாங்க வீடு. மர வீடு, தகரக் கூரை. வாசலிலிருந்து கேட்டுவரை அவரே கல் பதித்து ஒரு பாதை போட்டிருந்தார். அதில் நடந்தபோது மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிட்டது. ஒரு கல்லுகூட ஆடவில்லை.

வாசலில் வந்து நின்று வரவேற்றார். பார்த்ததும் மச்சான் என் முழங்கையை இடித்தார். ஓவர்சியரும் வெஸ்கோட்டுப் போட்டிருந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, அதன் மேல் பழுப்பு நிற வெஸ்கோட்டு. கோட்டு இல்லை. அது அவருக்கு ஒரு சுற்றுச் சின்னது. பொத்தான்களெல்லாம் இழுபட்டுக்கொண்டு நின்றன. அஞ்சும் போட்டிருந்தார்.

கூடத்தில் உட்கார்ந்தோம். ஓவர்சியர், அவர் மனைவி, ஓவர்சியரின் அக்கா, நாங்கள் மூன்று பேர். பெண் உள் அறையில். விசாரிப்புகள் ஆரம்பமாயின. ரவாங்கில் மழை எப்படி, ரயிலில் கூட்டம் எப்படி. ஓவர்சியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் கண் மட்டும் என் வயிற்றில் நின்றது. முதலில் என் காலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் தன் கடைசிப் பொத்தானை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல் கூரையைப் பார்த்தேன்.

அவருடைய அக்கா என் அக்காவின் காதில் சொல்வதுபோல் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தம்பி பொத்தான் போட மறந்திடுச்சு போல."

"மறக்கல" என்றேன். "இது போடக் கூடாத பொத்தான்."

ஓவர்சியர் முன்னால் சாய்ந்தார். இழுபட்ட பொத்தான்கள் இன்னும் இழுபட்டன.

"போடக் கூடாத பொத்தானா? யாரு சொன்னா?"

"எங்க பெரிய கிராணி. துரைமாருங்க அப்படித்தான் விடுவாங்களாம்."

"தம்பி, நான் இருவத்திரெண்டு வருசமா துரைமாருங்ககூட வேல பாக்குறேன். அவங்க என்னத்த எல்லாம் போடாம விடுவாங்கன்னு எனக்குத் தெரியும். பாலத்துல அஞ்சு போல்ட்டு வச்சா, நாலு முடுக்கிட்டு ஒண்ண விட்டுட்டு வருவோமா? அப்புறம் மேல லோரி போவுமா?"

"இது பாலம் இல்லீங்களே."

"அஞ்சு வேணும்னுதானே அஞ்சு வச்சிருக்கான். வேணாம்னா நாலு வச்சிருப்பான்."

அக்கா என்னை முறைத்தாள். சும்மா போட்டுத் தொலை என்று அந்தப் பார்வையில் எழுதியிருந்தது. நான் போட்டிருக்கலாம். ஆனால் நேற்றுத்தான் வெஸ்கோட்டுப் போட ஆரம்பித்தவன் என்று ஒருத்தரும் நினைத்துவிடக் கூடாதே! உண்மையில் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்தேன். அதனால்தான் அந்த வீம்பு.

ஓவர்சியரின் அக்கா பெருமூச்சு விட்டார். "ஒரு பொத்தான் விசயத்துலயே இப்புடின்னா, நாளைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மச்சான் சமையலறைப் பக்கம் ஏக்கத்தோடு பார்த்தார். இன்னும் ஒரு தட்டுகூட வெளியே வரவில்லை. வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. அவர் அந்தப் பகலில் முதல் முறையாக வாய் திறந்தார்.

"தம்பி, போட்டுடு தம்பி. பெரியவங்க சொல்றாங்க இல்ல."

மச்சான் பேசியதே எனக்கு ஆச்சரியம். சரி என்று குனிந்து கடைசிப் பொத்தானைப் பிடித்தேன். மறு பக்கத்தில் அது நுழைய வேண்டிய காஜாவைத் தேடினேன். தடவினேன். மறுபடி தடவினேன். காஜாவே இல்லை! நாலு பொத்தானுக்கும் நாலு காஜா அழகாக எடுத்திருந்தார் தையல்காரர். அஞ்சாவதற்கு எடுக்கவில்லை. எப்பவுமே போடமாட்டீங்களா என்று அவர் எதற்குக் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. போடாத பொத்தானுக்கு ஓட்டை எதற்கு என்று நினைத்திருப்பார். அவர் நியாயம் அவருக்கு.

"என்ன ஆச்சு?" என்றார் ஓவர்சியர்.

"காஜா இல்லீங்க."

அவர் எழுந்து வந்து, சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் வயிற்றருகில் குனிந்து சோதித்தார். அவர் குனிந்ததும் அவருடைய வெஸ்கோட்டிலிருந்து ஒரு பொத்தான் தெறித்துப் போய் மச்சான் காலடியில் விழுந்தது.

உள் அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்ட சிரிப்பு. அதுவரை அந்த வீட்டில் பெண் ஒன்று இருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

"என்ன அங்க சிரிப்பு?" என்று அத்தைக்காரி அதட்டினார்.

கதவு திறந்தது. அவள் வந்தாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, கையில் காப்பித் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோலும் ஊசி நூலும். முகம் சிரித்துச் சிவந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமல் அப்பாவிடம் பேசினாள்.

"அப்பா, ஒரு காஜாதானே. கால் மணி நேரத்துல எடுத்துடலாம். அதக் கழட்டித் தரச் சொல்லுங்க."

யாரும் ஒன்றும் சொல்வதற்குள் நான் எழுந்துவிட்டேன். கோட்டைக் கழற்றினேன். வெஸ்கோட்டைக் கழற்றினேன். ஜன்னல் வழியே வந்த காற்று என் முதுகில் பட்டது. அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஓவர்சியரின் மனைவி பதறிப்போனார்.

"ஐயோ, புள்ள குளிச்சமாதிரில்ல இருக்கு! இத்தன நேரம் இப்படியா ஒக்காந்திருந்தீங்க?" என்று ஒரு விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே இளநீரும் வந்தது. இளநீருக்குப் பின்னால் கேசரியும் வந்தது. மச்சானின் முகம் தெளிந்தது.

அவள் ஜன்னலோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து துணியை வெட்டினாள். தொட்டுப் பார்த்து, "இது கம்பளி!" என்றாள். பிறகுதான் என்னைப் பார்த்துப் பேசினாள். "இந்த வெயில்ல இதப் போட்டுக்கிட்டு ரயில்ல வந்தீங்களா? எதுக்கு?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காற்றுப் பட்ட உடம்பு பொய் சொல்ல விரும்பவில்லை.

"உங்க அப்பாவுக்கு வெஸ்கோட்டு போடுறவங்களத்தான் புடிக்கும்னு கடுதாசி வந்திச்சு. எங்கிட்ட அது கெடையாது. படத்துல இருந்தது படக்கடைக்காரரோடது. அதுக்கு முதுகுகூட இல்ல."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளோ ஊசியை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"கேட்டீங்களாப்பா? அவரு உங்களுக்காகப் போட்டிருக்காரு. நீங்க?"

ஓவர்சியர் தொண்டையைக் கனைத்தார். "நான் என்ன?"

"அப்பா போட்டிருக்கறது ஆஸ்பத்திரியில கட்டுப் போடுற டிரெசர் அங்கிளோடது" என்று அவள் என்னிடம் சொன்னாள். "நேத்து சாயந்திரம் போயி எரவல் வாங்கிட்டு வந்தாரு. மாப்பிள வெஸ்கோட்டு போட்டுக்கிட்டு வர்றப்ப நம்ம சும்மா சட்டையோட நின்னா மரியாத இல்லன்னு. காலையிலேர்ந்து அப்பா மூச்சே விடல."

ஓவர்சியரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஓவர்சியர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு மீதியிருந்த நாலு பொத்தான்களையும் மேலிருந்து கீழே ஒழுங்காக ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெஸ்கோட்டை மடித்து நாற்காலியில் வைத்தார். ஒரு நீளமான மூச்சு விட்டார். அவ்வளவு நேரம் அடைத்துவைத்திருந்த மூச்சு அது. மூச்சு விட்டதும் மனிதரே மாறிவிட்டார். சிரிக்கத் தெரிந்தவர் என்று அப்போதுதான் கண்டேன்.

"ஒரு விசிறி எனக்கும் குடு" என்றார் மனைவியிடம்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எல்லோரும் பேசினோம். நான் என் டைப் மிஷினில் ஒரு எழுத்து ஒட்டிக்கொள்கிற கதையைச் சொன்னேன். அவர் மழையில் கரைந்துபோன ஒரு ரோட்டின் கதையைச் சொன்னார். அவள் காஜா எடுத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து, வெஸ்கோட்டை அப்பாவிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக் காஜாவைச் சோதித்து, பொத்தானை நுழைத்துப் பார்த்து, "கச்சிதமா இருக்கு" என்றார். பிறகு என்னிடம், "போகும்போது அஞ்சையும் போட்டுக்கிட்டுப் போங்க. ஒரு திருப்திக்குத்தான்" என்றார்.

போட்டுக்கொண்டேன். கேட்டுவரைதான். ரயிலில் அதை மடித்து அக்காவின் பையில் வைத்துவிட்டேன். அக்கா, பெண் பிடித்திருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். பிடித்திருக்கிறது என்றேன். "அந்தப் பொண்ணுக்கும் ஒன்னப் புடிச்சிருக்கணும், இல்லன்னா ஊசியால குத்தியிருப்பா" என்றாள்.

மூன்று மாதத்தில் கிள்ளானிலேயே கல்யாணம் நடந்தது. நான் பட்டு வேட்டியும் ஜிப்பாவும் போட்டுக்கொண்டேன். அது என் மனைவியாகப் போகிறவள் சொல்லியனுப்பிய நிபந்தனை. பெரிய கிராணி மட்டும் மனைவியோடு முழு உடையில் வந்தார். சாப்பாட்டுப் பந்தியில் யாரோ தெரியாத்தனமாக அவரை என் மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ரசம் வரும்போது நான் எட்டிப் பார்த்தேன். மாமனாரின் விரல் பெரிய கிராணியின் கடைசிப் பொத்தானைச் சுட்டிக்கொண்டிருந்தது. பாயசம் வரும்போது போல்ட்டுவரை போய்விட்டார்கள். பந்தி எழுந்த பிறகும் அந்த இரண்டு இலைகளுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கை காய்ந்துவிட்டது, பேச்சு காயவில்லை.

அது அன்றோடு முடியவில்லை. மாமனார் ஒவ்வொரு தரம் பிரிக்ஃபீல்ட்ஸ் வரும்போதும் பெரிய கிராணி வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் வாதாடிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். வர முடியாதபோது கடிதம் எழுதுவார். நான் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பதிலை வாங்கி அனுப்புவேன். நடுவில் என் மனைவி பிரித்துப் படித்துச் சிரிப்பாள்.

ஆண்கள் வெஸ்கோட்டுப் போடலாமா என்று என்னை யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான்: குளிர் இருக்கிற ஊரில் தாராளமாகப் போடலாம். எங்கள் ஊரில், ஒருவருக்காக ஒருவர் போட்டுக்கொள்கிறோம் என்பது தெரிந்தவுடன் இரண்டு பேரும் கழற்றிவிடலாம். பொத்தானைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தால் போதும்.

சில வருஷம் கழித்துப் பெரிய கிராணி ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். அங்கிருந்து மாமனாருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று அவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார். பனியனோடு உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். என் மனைவி படித்துக் காட்டினாள். இங்கே வெஸ்கோட்டுப் போட்டு ஒழுங்கைச் சந்தில் நடந்தால் நாய்கள் துரத்துகின்றன, ஆகையால் சால்வையோடு நிறுத்திக்கொண்டேன், முதுகில் வேர்க்குரு போய்விட்டது, மனைவி தங்களை மிகவும் விசாரித்தாள் என்று எழுதியிருந்தார்.

மாமனார் சுளையைக் கீழே வைத்தார். "இன்னொரு தரம் படி" என்றார். படித்தாள்.

"தோத்துட்டேன்னு எங்கயும் எழுதலையே" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாகவே. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, எழுதக் காகிதம் கேட்டார்.